தேய்க்கத் தேய்க்க

சர்க்கரைக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது குற்றாலிங்கத்துக்குப் பிடிபடவே இல்லை. டாக்டரம்மா சொன்னபோது பிடிபட்ட மாதிரிதான் இருந்தது. தலையைக்கூட ஆட்டினான். ஆட்டிவிட்டு வெளியே வந்து, அடுத்த கட்டடத்து மாடியிலிருந்த லேபுக்குப் படியேறுவதற்குள் அது வழுக்கிப் போய்விட்டது. உடம்புக்குள்ளே இன்சுலின் என்று ஒன்று சுரக்கிறது, அது சொல்வதை உடம்பு கேட்கவில்லை, கேட்காததால் உடம்பு இன்னும் இன்னும் அதைச் சுரக்கிறது, அப்படி மிஞ்சிக் கிடப்பது தோலைத் தடிக்க வைக்கிறது, கறுக்க வைக்கிறது, கழுத்து, கக்கம், மடிப்பு விழுகிற இடமெல்லாம். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றும் ஆகவில்லை. யார் சொல்வதை யார் கேட்கவில்லை? உடம்பு என்றால் எது, தாரணியா? அவள் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைதானே. அவன் இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே வெறும் வயிற்றோடு வந்திருந்த மகள் தாரணி முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். பதினைந்து வயது. நல்ல உயரம், அதற்கேற்ற கனம். ஆனி மாதத்துச் சாரல் காற்று ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது, அந்தக் காற்றுக்கு யாரும் போர்த்திக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அவள் துப்பட்டாவைக் கழுத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். ரத்தம் எடுத்த பெண், "போய் வழக்கமா சாப்பிடுறதச் சாப்பிடட்டும் அண்ணாச்சி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ எடுக்கணும். அதுக்குள்ள அங்க இங்க அலையாம ஒரு இடத்துல உக்காந்திருங்க" என்றாள். அவன் அதற்கும் தலையை ஆட்டினான். ரத்தம் அவனுக்குப் புதிதில்லை. பாவூர்சத்திரத்தில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் வைத்திருக்கிறவனுக்கு எத்தனையோ தாடையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் பார்த்துப் படிகாரம் வைத்துத்தான் பழக்கம். ஆனால் தாரணியின் ரத்தம் அந்தச் சின்னக் குழாயில் ஏறியபோது அது கறுப்பாகத்தான் தெரிந்தது. ரத்தமே கறுத்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தான். எல்லாருக்கும் குழாயில் அப்படித்தான் தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ன கேட்டாலும் அதற்கொரு பதில் வரும், அந்தப் பதிலும் வழுக்கிப் போகும்.

தென்காசிக்கு வந்தால் ஓட்டல்களுக்குக் குறைவில்லை, சீசன் நேரம் வேறு, குற்றாலத்துக்குப் போகிறவர்களும் குளித்துவிட்டு வருகிறவர்களுமாகத் தெருவே ஈரத்தலையாக இருந்தது. இருந்தும் எந்த ஓட்டலுக்குள் நுழைவது என்று தெரியாமல் இரண்டு மூன்று வாசல்களில் நின்று நின்று போனான். தாரணிதான், "இங்கயே சாப்பிடுவோம்பா" என்று ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தாள். இலை போட்டவன் என்ன வேணும் என்று கேட்டதும் அவள் பூரி என்றாள். குற்றாலிங்கம் இட்லி சொல்லு என்று வாயெடுத்தான். எண்ணெய். மைதாவா, கோதுமையா. "எப்பவும் சாப்பிடுறதத்தான சாப்பிடச் சொன்னாங்க" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். அதுவும் சரிதான். எப்பவும் சாப்பிடுவது என்றால் எது? ராத்திரி கடையடைத்துவிட்டு வரும்போது அவன் வாங்கி வருகிற புரோட்டாவா? சால்னா பொட்டலத்தின் சூடு சட்டைப்பையில் படும்படி வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தால் வீடு வரைக்கும் ஒரு சந்தோஷம் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிச் சாப்பிட வைப்பான். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், கன்னம் பூரித்திருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவான். டாக்டரம்மா எடை பார்க்கிற மிஷினில் ஏறச் சொன்னபோது தாரணி செருப்பைக் கழற்றினாள், துப்பட்டாவைக் கழற்றினாள், கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றினாள். அவன் அதைப் பார்த்தான். மேஜை மேலே ஒரு கண்ணாடிக் குப்பியில் சர்க்கரை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைவெளேரென்று இருக்கிற இது உள்ளே போய் எப்படிக் கறுப்பாகும்? சர்க்கரை கழுத்தில் போய் உட்காருமா, கருப்பட்டி மாதிரி? அப்படியில்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். சர்க்கரை வியாதி என்றே சொல்லவில்லை, வருவதற்கு முன்னால் உடம்பு தட்டுகிற கதவு என்றார்கள். தட்டுவது யார்? காபி வந்ததும், "எனக்குச் சீனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. கசந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தான்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" இதுதான் டாக்டரம்மா முதலில் கேட்டது. அவனைப் பார்த்துத்தான் கேட்டார்கள். சின்ன வயதுதான் அவர்களுக்கு, தாரணிக்கு அக்கா மாதிரி இருந்தார்கள், பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சில்லை. ஊரில் உள்ள அத்தனை பேர் பிடரியும் அவனுக்குத் தெரியும். யாருக்கு எங்கே சுழி, யாருக்கு எங்கே தழும்பு, யார் பிடரியில் மயிர் முதுகு வரைக்கும் இறங்கும், எல்லாம் கைக்குத் தெரியும். சொந்த மகள் கழுத்தை அவன் பார்த்து ஐந்து வருடமாகிறது. அதுவரைக்கும் அவளுக்கு முடி வெட்டிவிட்டதெல்லாம் அவன்தான். லீவு நாளில் கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலிக் கைப்பிடி மேலே பலகை போட்டு உட்காரவைத்து வெட்டுவான். ஒருநாள் கோமு, "போதும், வளர்ந்த பிள்ள, இனி நீட்டி வளக்கட்டும்" என்றாள். கோமு அவன் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதோடு விட்டுவிட்டான். அப்போது அந்தக் கழுத்து எப்படி இருந்தது? கறுப்புக் கயிறு மாதிரி ஒரு மெல்லிய கோடு இருந்ததா? வேர்வைக் கோடு என்று ஈரத்துணியால் துடைத்தானா? துடைத்தது போயிற்றா, போகவில்லையா? நினைக்க நினைக்க ஒரு தடவை கோடு இருந்தது, ஒரு தடவை இல்லை. "ஒரு வருஷமா இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னான். "மூணு வருஷம்" என்றாள் தாரணி. டாக்டரம்மா அவள் சொன்னதைத்தான் எழுதினார்கள். அப்புறம் கேட்டார்கள் அந்தக் கேள்வியை. மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா? அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். தோலை வெட்டி நிறுத்தி வைத்த படம், அடுக்கடுக்காக, மயிர்க்கால் எல்லாம் மரம் மாதிரி. "இல்ல, கொஞ்ச மாசமா வரல" என்றாள் தாரணி. அந்த ஒரு நொடி. அந்த நொடியை அவன் இப்போது தொடவே கூடாது என்றுதான் காபியைக் குடித்தான், இலையை மடித்தான், கைகழுவினான். ஆனால் அது தொட்டுவிட்டது. அந்த நொடியில் அவன் மகளைப் பற்றி ஒரு நினைப்பு நினைத்துவிட்டான். யாரு, எவன், எப்ப என்று. அவள் ட்யூஷன் போகிற தெரு, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பையன்கள், எல்லாம் ஒரு நொடியில் வந்து போயிற்று. டாக்டரம்மா நிதானமாக, "இதுவும் அதோட சேர்ந்ததுதான், இந்த வயசுப் பிள்ளைங்க நிறைய பேருக்கு வருது, சரி பண்ணலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அவன் மூச்சை விட்டான். ஆனால் நினைத்தது நினைத்ததுதானே. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி நினைக்கிற மனசு எதனால் கறுத்தது, அதற்கு எந்த லேபில் ரத்தம் கொடுப்பது? கோமுவுக்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? சொல்ல மாட்டாள். இதையெல்லாம் அவனிடம் யார் சொல்லுவார்கள். அவன் வீட்டில் ராத்திரி புரோட்டா கொண்டுவருகிறவன்.

அலைய வேண்டாம் என்று சொன்னதால் காசி விசுவநாதர் கோயில் முன்மண்டபத்தில் போய் உட்கார்ந்தார்கள். கோபுரத்துக்குக் கீழே காற்று ஆளைத் தள்ளியது. வருகிறவர்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டும் புடவையைப் பிடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். தாரணியின் துப்பட்டா நுனி படபடத்தது. அவள் அதை இழுத்து இறுக்கினாள். அந்த இழுப்பில் அவள் முகம் லேசாகச் சுளித்ததைக் கண்டான். இன்னும் எரிகிறதா? கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? கடைசியாகக் கோமு தேய்த்தது முந்தாநாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பீர்க்கங்காய் நார் சரக் சரக் என்று கேட்டது. சில வாரம் கடலைமாவு, சில வாரம் எலுமிச்சம் பழமும் சீனியும், யாரோ சொன்னார்கள் என்று சமையல் சோடா. கோமு சிவப்பு. கல்யாணமான புதிதில் அவன் பக்கத்தில் அவள் நின்றால் ஊரே ஒரு பார்வை பார்க்கும். பிள்ளை அவன் நிறத்தில் பிறந்தபோது கோமு ஒன்றும் சொல்லவில்லை, கோமுவின் அம்மாதான் சொன்னாள். கறுப்பு வேறு, இது வேறு என்று இன்றைக்கு டாக்டரம்மா சொன்னார்கள். நிறம் நோயில்லை, நிறத்துக்கு வைத்தியம் இல்லை, இது தோல் தடித்துக் கறுக்கிறது, இது மட்டும்தான் வைத்தியம். அப்படியென்றால் இத்தனை நாள் வீட்டில் தேய்த்தது எந்தக் கறுப்பை? கோமு எதைத் தேய்த்தாள்? சரக் சரக். "அம்மா போதும்மா" என்று உள்ளேயிருந்து கேட்டது. "இரு, கொஞ்சம் போயிருக்கு, இன்னும் கொஞ்சம்" என்றாள் கோமு. அவன் முற்றத்தில் நின்று கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்தான். கோமுவின் குரலில் கோபம் இல்லை என்பதுதான் இப்போது அவனைக் குழப்பியது. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கதவு திறந்து தாரணி வெளியே வந்தபோது கழுத்தில் துண்டு போட்டிருந்தாள், துண்டில் சிவப்பாக ஒரு கீற்று. நேராக அவனிடம் வந்தாள். "நாளக்கழிச்சு என்னைய தென்காசியில தோல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்கதான் வரணும். அம்மா வேண்டாம்" என்றாள். ஏன் அவன்? அதுதான் அவனுக்கு முந்தாநாளிலிருந்து விளங்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூடக் கோமுதான் போவாள். டாக்டரிடம் பேசத் தெரிந்தவள் அவள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவளும் அவள்தான்.

"தேய்க்கவே கூடாது" என்று டாக்டரம்மா சொன்னதும் அவன், "அப்ப அழுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டான். முட்டாள் மாதிரி. "அழுக்கா இருந்தா முதல் நாளே போயிருக்குமே. தேய்க்கத் தேய்க்க தோல் இன்னும் தடிக்கும், இன்னும் கறுக்கும்" என்றார்கள். தாரணி அப்போது தலையைக் குனிந்துகொண்டாள், அழுதாளோ என்னவோ. அந்தச் சொல்லைக் கேட்கத்தான் இத்தனை தூரம் வந்தவள் மாதிரி இருந்தது. அவனுக்கோ அந்தச் சொல் வேறெங்கோ போய் மோதியது. ஆவுடையப்பன் அண்ணாச்சி. அரிசிக் கடைக்காரர். பருத்த கழுத்து, மூன்று மடிப்பு, மடிப்புக்குள் மடிப்பாகக் கறுப்பு. அவருக்கு வெட்டி முடித்ததும் ஈரத்துணியை முறுக்கி அந்த மடிப்புகளில் அழுத்தித் துடைப்பான். துணியில் ஒன்றும் வராது. வராததைப் பார்த்தும் மறுதடவையும் துடைப்பான். ஒருநாள் பிளீச் போட்டுப் பார்ப்போமா அண்ணாச்சி என்று அவனேதான் கேட்டான். எரியுதுடே என்றார், கொஞ்சம் பொறுங்க என்றான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சர்க்கரை என்றார்கள், கால் போயிற்று. இப்போது அவர் கடைக்கு வருவதில்லை, அவன்தான் வீட்டுக்குப் போய் வெட்டிவிடுகிறான். அந்தக் கழுத்தும் இந்தக் கழுத்தும் ஒன்றா? ஒன்றில்லை. அவருக்கு வயது அறுபது. பிள்ளைக்குப் பதினைந்து. அவர் ஆள் வேறு, சாப்பாடு வேறு. ஆனால் கறுப்பு ஒன்றுதானே? அந்த வெல்வெட் மாதிரி, தொட்டால் மெத்தென்று, நிமிர்ந்து நிற்கிற மாதிரி. அவர் கழுத்தும் அத்தனை வருடமாகத் தட்டிக்கொண்டிருந்ததா? அவன் துணியை முறுக்கிக்கொண்டு நின்றானா? தாரணியின் கால்களைப் பார்த்தான். ஈரக் கல்லில் செருப்பில்லாமல் இரண்டு பாதம். விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். கொலுசு. அவன் சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தான், கழுத்து வலிக்கும்வரை பார்த்தான்.

"என்னப்பா யோசிக்கீங்க?" என்றாள் தாரணி. "ஒண்ணுமில்ல. எரியுதா?" என்று கேட்டான். கேட்டுவிட்டது அவனுக்கே ஆச்சரியம். அவள் துப்பட்டாவை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, "எரிச்சல் பரவால்லப்பா. ஸ்கூல்ல ரெண்டு சடை மடிச்சுக் கட்டணும்லா. பின்னாடி பெஞ்சு எல்லாத்துக்கும் தெரியும். போன வாரம் ஒருத்தி ஈர டிஷ்யூவ எடுத்து என் கழுத்துல தொடச்சா. தொடச்சிட்டு டிஷ்யூவ எல்லாருக்கும் காட்டுனா. அது வெள்ளையாத்தான் இருந்துச்சு. அதுக்கும் சிரிச்சாங்க" என்றாள். யார் பிள்ளை அவள், எந்த வீடு என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அந்த ஈர டிஷ்யூ அவன் கையிலேயே இருக்கிற மாதிரி இருந்தது. அண்ணாச்சியின் மடிப்புகளில் அழுத்தித் துடைத்துவிட்டு, திருப்பிப் பார்த்துவிட்டு. "அழுக்கு இல்லன்னுதான் டாக்டரம்மா சொல்லிட்டாங்கள்லா" என்றான். "எனக்கு முன்னமே தெரியும்" என்றாள் அவள். "எப்படி?" "உங்களுக்கும் இருக்குல்லாப்பா." அவனுக்கு முதலில் என்ன என்றே புரியவில்லை. எனக்கு என்ன இருக்கு? "கழுத்துல. சட்டைக் காலருக்குள்ள. நீங்க குனிஞ்சு சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போதெல்லாம் தெரியும். சின்னப் பிள்ளையில இருந்தே பாத்திருக்கேன். உங்களுக்கும் இருக்கு, எனக்கும் வந்தா அது அழுக்கா எப்படி இருக்கும்? நீங்க தெனமும் காலையில குளிக்கீங்க. அதான் உங்களக் கூப்பிட்டேன். டாக்டர் உங்களையும் பாக்கட்டும்னு. நீங்க வந்ததுல இருந்து அவங்கட்ட சொல்லாமலே இருக்கீங்க." அவன் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் வைத்தான். கை தானாக நின்றது. தெரிந்த மெத்து. ஊரில் எத்தனை பேர் கழுத்தில் தொட்ட அதே மெத்து. சுற்றிலும் கண்ணாடி மாட்டிய கடை. வெட்டி முடிந்ததும் பின்னால் ஒரு கைக்கண்ணாடி பிடித்து ஒவ்வொருவனுக்கும் அவன் பிடரியைக் காட்டுகிறவன். அவனுக்கு யார் காட்டினார்கள்? கூட வேலை பார்க்கிற மாரிதுரைதான் அவனுக்கு வெட்டிவிடுவான், முதலாளி கழுத்தைப் பற்றி அவன் என்ன சொல்லுவான்? கோமு பார்த்திருப்பாள். பார்த்துத்தான் பிள்ளையைத் தேய்த்தாளா? அவனைத் தேய்க்க முடியாததற்கு அவளைத் தேய்த்தாளா? இல்லை, அப்படியெல்லாம் இருக்காது. இருக்குமோ? அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு இது அவனிடமிருந்து போயிற்றா? அவன் கொடுத்ததா? நிறத்தைக் கொடுத்தான், இதையும் கொடுத்தான், ராத்திரி எழுப்பி எழுப்பிப் புரோட்டாவையும் கொடுத்தான். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லையே. உங்களால வந்துச்சு என்று அவள் சொல்லவில்லை. உங்களையும் பாக்கட்டும் என்றுதானே சொன்னாள். இரண்டும் ஒன்றா, வேறா? அவன் திரும்பத் திரும்ப அந்த இரண்டையும் வைத்துப் பார்த்தான். ஒன்று வரும்போது மற்றது போய்விட்டது. காற்று மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. "நேரமாயிட்டுப்பா" என்று அவள்தான் எழுந்து அவன் தோளைத் தொட்டாள்.

இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் மறுபடி டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்கள் முகத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னும் சர்க்கரை நோய் வரல. ஆனா எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல நிக்குது" என்றார்கள். இன்சுலின் அளவும் இன்னொரு சோதனையும் நாளைக்குத்தான் வருமாம். வரட்டும், அதைப் பார்த்துவிட்டு மாத்திரை வேணுமா வேண்டாமா என்று சொல்கிறேன், மாசாமாசம் வராததற்குப் பெண்கள் டாக்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள் என்றார்கள். தாரணியைப் பார்த்து, "தினமும் வேர்க்க வேர்க்க நடக்கணும். சர்க்கரை, மைதா, பாட்டில் ஜூஸ் குறைக்கணும், பட்டினி கிடக்கக் கூடாது. எலுமிச்சை, சோடா, பிளீச், கடையில யாரோ கொடுக்கிற க்ரீம் எதுவும் கழுத்துல படக்கூடாது. முதல்ல அந்தக் கீறல் ஆறட்டும். அப்புறம் நான் எழுதற களிம்பை ராத்திரி மெல்லிசா போடு. உள்ளே சரியாக சரியாக வெளியேயும் வெளுக்கும். மாசக் கணக்கா ஆகும். முழுசா போகுமான்னு இப்ப சொல்ல முடியாது, நல்லா குறையும்" என்றார்கள். தாரணி, "சரி மேடம்" என்றாள். அவன் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். நோய் வரவில்லை. வரவில்லை என்றால் நல்ல செய்திதானே? பக்கத்தில் நிற்கிறது என்றால் கெட்ட செய்தியா? சிரிக்க வேண்டுமா? கும்பிடலாமா என்று கை எழுந்து பாதியில் நின்றது. தாரணி மேஜைக்கடியில் அவன் முழங்காலை இடித்தாள். அவன் எழுந்து நின்றான். எழுந்துவிட்டான், இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, காலரைப் பின்னால் இழுத்து, டாக்டரம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். "எனக்கும் கொஞ்சம் பாருங்கம்மா" என்றான். சுவரில் அந்தத் தோல் படம் கண்ணுக்கு நேரே இருந்தது. குளிர்ந்த விரல் ஒன்று பிடரியில் பட்டது. அவனுடைய உடம்பு முழுக்க அந்த ஒரு இடத்தில் வந்து நின்றமாதிரி இருந்தது. "ஆமா, உங்களுக்கும்தான். ரத்தம் எப்ப பார்த்தீங்க?" "பாத்ததில்லம்மா." "நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள், ஏதோ நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி. அவன் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு திரும்பியபோது தாரணி அவனைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். செருப்பு அவள் காலில்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் பாவூர்சத்திரம் வண்டி நின்றுகொண்டிருந்தது, டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஜன்னலோரம் தாரணி, அவன் இந்தப் பக்கம். போன் அடித்தது. கோமு. "என்ன சொன்னாங்க? ஒண்ணும் இல்லன்னுதான சொன்னாங்க?" என்றாள், அவன் பேசுவதற்கு முன்னாலேயே. அவனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இன்சுலின் என்று தொடங்கினான். அது உடம்பு சொன்னதைக் கேட்கவில்லை என்றான், இல்லை, உடம்புதான் அது சொன்னதைக் கேட்கவில்லை என்றான். எல்லைக்கோடு என்றான். எனக்கும் இருக்காம் என்றான். "எனக்கு ஒண்ணுமே விளங்கலையே" என்றாள் கோமு. "எனக்கும்தான்" என்றான் அவன். "நாளைக்கு நீயும் வா. நீ கேட்டா சரியா கேப்ப." பக்கத்தில் தாரணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள், ஆனால் அவள் காது இந்தப் பக்கம்தான் இருந்தது, அது அவனுக்குத் தெரிந்தது. இதில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னான். "கோமு, அது அழுக்கு இல்லையாம். தேய்க்கக் கூடாதாம். தேய்ச்சா கூடுமாம். இனிமே அவ கழுத்துல நாரு வைக்காத." லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தான். போகவில்லை. தூரத்தில் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் வந்தது. "அப்ப நான் என்னதான் செய்ய?" என்றாள் கோமு. கோபமா, அழுகையா, கேள்வியா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. எலுமிச்சம் பழம் தேடிக் கடைகடையாக அலைந்தவள். யார் எது சொன்னாலும் எழுந்து போய் அரைத்தவள். தேய்க்காதே என்று சொல்லிவிட்டால் அவளுக்குக் கையில் மிச்சம் என்ன? நடக்கணுமாம், சாயந்திரம் மூணு பேரும் நடப்போம் என்று சொல்ல நினைத்தான். அது அவள் கேட்டதற்குப் பதிலா என்று தெரியவில்லை. டிரைவர் ஏறினார். என்ஜின் அதிர ஆரம்பித்தது. அந்த அதிர்வுக்கு நடுவே கோமு மெதுவாக, "அவளுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள். அவன் தாரணியைப் பார்த்தான். "நீயே கேளு" என்று போனை அவளிடம் நீட்டினான். தாரணி வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, வளைவு திரும்பியது, சாரல் ஜன்னலுக்குள் தெறித்தது. பிறகு, "வலிச்சுதும்மா" என்றாள்.